மேட்டூர் திறக்கலைன்னா நடவு ஆளுக்கு என்ன கிடைக்கும்?

ஜூன் 12 என்ன நாள் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள். தண்ணீர் வராத வருஷங்களில் மறியல் நடக்கும், அறிக்கைகள் பறக்கும், கடைசியில் நிவாரணம் வரும். அது ஏக்கர் கணக்கில் வரும். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாமல், நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் பிழைக்கிறவருக்கு அதில் என்ன பங்கு?

2017 ஜனவரி 10-ஐ எடுத்துக்கொள்வோம். பருவமழையும் காவிரியும் சேர்ந்து கைவிட்ட பருவம். எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அன்றைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், நிலவரி ரத்து. கூலித் தொழிலாளர்களுக்கு? நூறு நாள் வேலை 150 நாளாக உயரும் என்றார்கள். அதாவது விவசாயிக்குப் பணம், தொழிலாளிக்கு மண்வெட்டி. குனிந்து வேலை செய்ய முடியாத வயதானவருக்கு அந்தக் கூடுதல் 50 நாளால் என்ன பயன்?

காரணம் எளிமையானது. காய்ந்த பயிர் அடங்கலில் ஏறும். போன கூலி நாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பி.எம். கிசான் திட்டத்தின் வருஷத்துக்கு 6,000 ரூபாயும் நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்குத்தான். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குப் பயிரிடுகிறவர்களுக்கே அது கிடைப்பதில்லை; நடவு ஆளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஆள் கணக்கில் என்ன இருக்கு?

முதலில் ரேஷன் அரிசி. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். ‘வசதி உள்ளவனுக்கும் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் டெல்டாவின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கே கூலியே நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. வேலை இல்லாத மாதங்களில் பண்ணையில் கடன் வாங்கி, வேலை வந்ததும் உழைத்துக் கழிக்க வேண்டும். பண்ணையாளைத் திடீரென்று வெளியேற்றாமல் காக்கவே 1952-ல் தஞ்சைக்கென்று தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்ததும் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டம்தான். அடுத்த வருஷமே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வீட்டுப் பானையில் அரிசி இருந்தால், குறைந்த கூலிக்கு ‘வரலைங்க’ என்று சொல்ல முடிகிறது. புள்ளிவிவரங்களில் இது தெரியாது.

முதியோர் ஓய்வூதியம் 1962 முதலும், விவசாயத் தொழிலாளர்களுக்கான ஓய்வூதியம் 1981 முதலும் இங்கே உண்டு. 2023-ல் முதியோர் தொகை மாதம் 1,200 ரூபாய் ஆனது. இதில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் 200 ரூபாய்தான்! அதே வருஷம் செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் சேர்ந்தது.

ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் தொகைகள் மாறுவதில்லை. எத்தியோப்பியா 2005-ல் தொடங்கிய திட்டம் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. பஞ்ச மாதங்களில் உடம்பு முடிகிறவர்களுக்கு வேலை. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேலை கேட்காமலே உதவி. வறட்சி கடுமையானால் திட்டத்தையும் விரிக்கலாம்.

60 நாள் நிறுத்தம்

நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். கூடவே, விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் சொல்கிறது. ‘நூறு நாள் வேலையால ஆளே கிடைக்கலை’ என்று மிராசுதாரர்கள் நெடுநாளாகச் சொல்லும் புகாருக்கு இது பதில். அந்தப் புகாரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் டெல்டாவில் அறுப்பு பெரும்பாலும் மெஷினுக்குப் போய்விட்டது. நடவுக்கும் மெஷின் வந்துவிட்டது. சீசன் என்றாலே கையில் கூலி என்பது பழைய கணக்கு.

அந்த 60 நாள் எது என்று அறிவிக்கும் பொறுப்பு மாநில அரசிடம் இருக்கிறது. மேட்டூர் திறக்காத வருஷத்திலும் ‘இது குறுவை நடவுக் காலம்’ என்று காலண்டரைப் பார்த்து வேலையை நிறுத்துவார்களா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்த்து அறிவிப்பார்களா?