போரை நிறுத்தியதா கால்பந்து? ஐவரி கோஸ்ட்டில் ‘யார் அசல் குடிமகன்’ என்ற கேள்வி

2005 அக்டோபர் 8. சூடானின் ஓம்துர்மான் நகரம். சூடானை 3-1 என வென்ற ஐவரி கோஸ்ட் வீரர்கள் டிரஸ்ஸிங் ரூமில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வெற்றி மட்டும் போதாது. அதே இரவில் எகிப்துடன் மோதிய கேமரூன், கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியைக் கோல் கம்பத்தில் அடித்து வீணாக்கியது. அந்தக் கம்பத்தின் புண்ணியத்தில் ஐவரி கோஸ்ட் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

டிவி கேமரா உள்ளே வந்ததும் மைக்கை வாங்கினார் டிடியே ட்ரோக்பா. சக வீரர்களோடு மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று தன் நாட்டு மக்களிடம் கெஞ்சினார்.

‘உள்நாட்டுப் போரையே நிறுத்திய வீரர்’ என்று இன்றும் சோஷியல் மீடியாவில் சுற்றுவது இந்த வீடியோதான். ஆனா, கதை அவ்வளவு சிம்பிள் இல்லை.

சண்டை எதற்காக?

வேர் கோகோ தோட்டத்தில் இருக்கிறது. உலகிலேயே அதிகமாகக் கோகோ விளைவிக்கும் நாடு இது. 1960 விடுதலையிலிருந்து 1993இல் இறக்கும் வரை அதிபராக இருந்த ஊஃபூவே-புவானி, பர்கினா ஃபாசோ, மாலி நாடுகளிலிருந்து தொழிலாளர்களை இருகரம் நீட்டி வரவேற்றார். கோகோ விலை சரிந்ததும் ‘வந்தேறிகள்’ என்ற பேச்சு எழுந்தது. அடுத்து வந்த அதிபர் பெடியே அதை ‘இவுவாரிதே’ என்ற கொள்கையாகவே ஆக்கினார். அசல் ஐவரியன் யார், ஒட்டிக்கொண்டவன் யார் என்று பிரிக்கும் வேலைதான் அது. அதிபர் வேட்பாளரின் தாய், தந்தை இருவருமே ஐவரியர்களாக இருக்க வேண்டும் என்று 1990களில் சட்டம் வந்தது. அதில் சிக்கியவர், வடக்கைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் அலசான் உவத்தாரா.

சாதாரண மக்களுக்கும் இது தலைவலியானது. துரே, குலிபாலி என்று பெயர் இருந்தால் போதும், செக்போஸ்ட்டில் சந்தேகப் பார்வைதான். 2002 செப்டம்பரில் கிளர்ச்சி வெடித்து நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கில் புவாகே நகரம் கிளர்ச்சியாளர்களின் தலைநகரானது.

இப்போது அந்த அணியைப் பாருங்கள். ட்ரோக்பா, அன்றைய அதிபர் லோரான் பக்போவைப் போலவே பெட்டே இனத்தவர். கோலோ துரே, யாயா துரே சகோதரர்கள் பிறந்ததோ புவாகேயில். தெருவில் அடையாள அட்டை கேட்கப்படும் அதே பெயர், ஆரஞ்சு ஜெர்சியின் முதுகில் இருந்தால் ‘நம்ம பையன்’!

2007 மார்ச்சில் அரசும் கிளர்ச்சியாளர்களும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஜூன் 3 அன்று, மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டம் புவாகேயிலேயே நடந்தது. அதை அங்கே கொண்டுபோனதில் ட்ரோக்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 5-0. ஐந்தாவது கோல் அவருடையது. முதலில் ஒப்பந்தம், பிறகுதான் ஆட்டம் என்ற வரிசையை வீடியோக்கள் மறந்துவிடுகின்றன. ஆனாலும் பேப்பரில் இருந்த சமாதானத்தை மக்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அது நிலைக்கவில்லை. 2010 தேர்தலில் தோற்ற பக்போ பதவியை விட மறுக்க, மீண்டும் மோதல். சுமார் 3,000 பேர் பலி. அதன்பின் அமைக்கப்பட்ட உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் ட்ரோக்பாவும் உறுப்பினரானார்.

2024இல் சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பை. லீக் சுற்றில் எக்குவடோரியல் கினியாவிடம் 0-4 என உதை வாங்கி, நடுவிலேயே பயிற்சியாளரை மாற்றிய அணி, இறுதியில் நைஜீரியாவை 2-1 என வீழ்த்தியது. வெற்றி கோல் செபாஸ்டியன் ஆலேர். புற்றுநோயிலிருந்து மீண்டவர், பிரான்ஸில் பிறந்தவர், தாய் மட்டுமே ஐவரியர். பழைய சட்டத்தின் அளவுகோலில் அவர் ‘அசல்’ கிடையாது. மைதானத்தின் பெயர்? அலசான் உவத்தாரா ஸ்டேடியம்.

2011 முதல் அவர்தான் அதிபர். 2025 தேர்தலுக்கு முன், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றதால் ஐவரியக் குடியுரிமையை இழந்தார் என்று சொல்லி எதிர்க்கட்சித் தலைவர் டிஜான் தியாமின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீதிமன்றம் நீக்கியது. தியாமின் கட்சி, இவுவாரிதேவைக் கொண்டுவந்த பெடியேயின் கட்சி.