கிராமத்து வீட்டு வரியும் குடியானவரின் பொறுப்பும்

நிலத்தின் கிஸ்தியைக் கெடு தவறாமல் செலுத்தும் குடியானவருள் பலர், தாம் வசிக்கும் வீட்டின் வரியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தொகை சொற்பந்தானே என்பது ஒரு காரணம். கிஸ்தியோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்னும் எண்ணம் மற்றொன்று. இந்த எண்ணத்திற்கு இடமில்லாமலும் இல்லை. கிஸ்தி ரூபாய் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் ஸ்தல செஸ்ஸும் சேர்த்தே வசூலிக்கப்படுவதால், பஞ்சாயத்துக்கு உரியதையும் கொடுத்தாயிற்று என்று மிராசுதார் கருதிவிடுகிறார்.

வீட்டு வரியோ முற்றிலும் வேறு. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அதனைக் கிராமப் பஞ்சாயத்தே விதித்து, தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை முதலிய ஊர்க் காரியங்களுக்குச் செலவிடுகிறது. வரி அரை வருஷத்திற்கு ஒரு முறை ஏற்படும். அரை வருஷம் தொடங்கிய 30 நாட்களுக்குள் வீட்டின் சொந்தக்காரர் அதைச் செலுத்திவிட வேண்டும். ஏப்ரலில், அதாவது பங்குனி சித்திரையில், சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும். அக்டோபரிலோ நடவுச் செலவு நெருக்கும். ஆகையால் இரு தவணைகளையும் ஏப்ரலிலேயே கட்டிவிடுவது உசிதம். ரசீதில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் காணப்படும் நூலக வரியைக் கண்டு சிலர் ஆட்சேபிப்பதுண்டு. அது 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தால் ஏற்பட்டது. அக்காலத்தில் ரூபாய்க்கு 6 தம்பிடியாக இருந்தது.

எது வீடு என்பதிலும் கவனம் வேண்டும். பொது வழியிலிருந்து தனியான பிரதான வாசல் உடையதாய், மனிதர் இருத்தற்குத் தக்கதாய் உள்ள கட்டடமும் குடிசையும் சட்டத்தின்படி வீடேயாகும். கடை, பட்டறை, கிடங்கு ஆகியவையும் அதில் அடங்கும். எனவே சகோதரர் இருவர் பாகம் பிரித்துக்கொண்டு, நடுவில் சுவரெழுப்பித் தனித்தனி வாசல் வைத்துக்கொள்வாராயின், ஒரு வீடு இரண்டு வீடாகிறது. பழைய ரசீதைக் காட்டி, வரி கட்டியாயிற்று என்று இளையவர் சொன்னால் செல்லாது.

இவை யாவற்றினும் முக்கியமானது மற்றொன்று. மனையின்மேல் நிலவரி பாக்கி இருந்தால் அதற்கு அடுத்தபடியாக, வீட்டு வரி அந்த வீட்டின்மேல் முதற் பாத்தியமுடைய கடனாக நிற்கிறது. வீட்டிலுள்ள அசையும் பொருளும், வரி செலுத்த வேண்டியவருக்குச் சொந்தமானவரையில், அதற்குக் கட்டுப்பட்டதே. இக்கடன் பத்திரத்தால் ஏற்பட்டதன்று, சட்டத்தால் ஏற்பட்டது. ஆதலால் வில்லங்கச் சான்றில் தென்படாது. வில்லங்கம் இல்லையென்று சான்று பெற்று, நம்பிக்கையோடு வீடு வாங்கியவர், பல வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து வாங்கியவராகிறார். விற்றவர் ஊரை விட்டுப் போயிருப்பார், வீடு போகாதல்லவா? கிரயத்திற்கு முன் பஞ்சாயத்து அலுவலகத்திற்குச் சென்று கேட்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டால் இத்தொல்லை நேராது. அரை மணி நேரத்து வேலை.

ரசீதைப் பற்றி இதற்கு நேர்மாறான ஒரு தவறும் கிராமங்களில் பரவியிருக்கிறது. பத்து வருஷத்து வரி ரசீதுகள் கைவசம் இருந்தால் வீடே தமதாகிவிடும் என்று சிலர் நம்பி, பிறர் வீட்டிற்கும் வரி கட்டி வைக்கின்றனர். வரி ரசீது மட்டும் சொத்துரிமைக்குச் சாசனம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன. அனுபோகத்திற்கு ஒரு சாட்சியமாக அதனைக் காட்டலாம், அவ்வளவே. எனினும் அதை எறிந்துவிடலாகாது. இப்பொழுது இணையம் வழியாகவும் வரி செலுத்தலாமாதலால், அவ்வாறு செலுத்துவோரும் ரசீதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுதல் நலம்.

கிராம அதிகாரிகள் அதிகமாகக் காண்பது காலஞ்சென்றவர் பெயரில் நிற்கும் வரியே. பாட்டனார் மறைந்து முப்பது வருஷமாகியும் அவர் பெயருக்கே ரசீது வந்துகொண்டிருக்கும். பேரர் நால்வரும் மற்றவர் கட்டியிருப்பார் என்று சும்மா இருப்பர். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப் பத்திரமிருந்தால் அதன் நகல் ஆகியவற்றுடன் மனு கொடுத்து, அவரவர் பாகத்தை அவரவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விதித்த வரி அதிகமென்று தோன்றினால், நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, வீட்டின் அளவையும் கூரையின் தன்மையையும் நேரில் பார்க்கும்படி கேட்கலாம். வாய்மொழியாகச் சொன்ன ஆட்சேபம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.