அடுத்த எபிசோடுக்குள்ள கண்டுபிடிச்சிடலாமா? 'மர்மதேசம்' முதல் 'டார்க்' வரை... தியரி விளையாட்டு எப்படி வேலை செய்கிறது?

ஆயக்குடின்னா வெளியூர்க்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கொய்யாப்பழம். ஆனா பழனிக்குப் பக்கத்துல இருக்கிற அந்த ஊர்ல 'நவபாஷாணம்'னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழனி மலைமேல் உள்ள தண்டாயுதபாணி சிலையை, போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்தார் என்பது அந்த வட்டாரம் முழுக்க இருக்கும் நம்பிக்கை.

1990-களில் இதே நவபாஷாணத்தை மையமாக வைத்து சன் டிவியில் ஒரு தொடர் வந்தது. 'மர்மதேசம்' வரிசையில் முதலாவதான 'ரகசியம்'. இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. வாரத்துக்கு ஒரே ஒரு எபிசோடுதான். மிச்ச நாளெல்லாம் பேச்சு. "அது தெய்வமா, இல்ல யாரோ மனுஷன் பண்ற வேலையா?"

இன்னைக்கு நெட்ஃபிளிக்ஸ் தொடருக்கு 'தியரி' எழுதுற தலைமுறை செய்றதும் அதேதான். இந்த விளையாட்டு எப்படி வேலை செய்யுது, அதுல நமக்கு என்ன இருக்கு? பார்க்கலாம்.

'மர்மதேசம்' சயின்ஸ் ஃபிக்‌ஷனா?

கறாரா சொன்னா, இல்லை. தமிழில் அச்சு அசல் அறிவியல் புனைகதைத் தொடர் வேணும்னா, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைச் சொல்லலாம். ஆனந்த விகடனில் தொடர்கதையா வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொடரானது. ஜீனோ என்ற ரோபோ நாய்க்கு இப்பவும் ரசிகர்கள் உண்டு.

ஆனா 'மர்மதேசம்' பார்வையாளரிடம் கேட்ட கேள்வி அறிவியல் கேள்விதான். கண் முன்னால ஒரு அதிசயம் நடக்குது. அதை நம்பணுமா, காரணம் தேடணுமா? 'ரகசியம்' இந்தக் கேள்வியை மருத்துவத்தை வைத்துக் கேட்டது. அடுத்து வந்த 'விடாது கருப்பு' மனோதத்துவத்தை வைத்துக் கேட்டது. அதுவும் கதாநாயகனின் சிறுவயது, வாலிப வயது என்று இரண்டு காலத்தை மாற்றி மாற்றிக் காட்டி. முடிவைச் சொல்லப் போறதில்லை. இன்னும் பார்க்காதவங்க யூடியூபில் பார்த்துக்கலாம்.

அந்த ஒரு வாரம் ஏன் முக்கியம்?

தியரி பிறப்பது எபிசோடு ஓடும்போது இல்லை, முடிஞ்ச பிறகு. ஒரு க்ளூ கிடைக்குது. அதை வச்சு ஒருத்தர் ஊகம் சொல்றார், இன்னொருத்தர் மறுக்கிறார். அடுத்த வாரம் எபிசோடு வந்து யார் தப்புன்னு காட்டுது. தோத்துப்போன தியரியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு கட்டணும். ஊகி, காத்திரு, தப்புன்னா மாத்திக்கோ. ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

தமிழ் வாசகருக்கு இது புதுசும் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரா வாரம் வந்த தொடர்கதை. அடுத்த இதழ் வரும் வரை காத்திருந்து, ஊகித்துப் பழகிய வீடுகளுக்குத்தான் பிறகு டிவி வந்தது.

அமெரிக்காவில் 'லாஸ்ட்' (2004–2010) இந்தப் பழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுபோனது. 4, 8, 15, 16, 23, 42 என்ற ஆறே எண்களுக்கு ரசிகர்கள் வருஷக்கணக்கில் அர்த்தம் தேடினார்கள். அதற்கும் முன்னால், 'ஸ்டார் ட்ரெக்' நிறுத்தப்படப் போவதாகப் பேச்சு வந்தபோது, ரசிகர்கள் 1967-68-இல் குவித்த கடிதங்களுக்குப் பிறகு மூன்றாவது சீசன் வந்தது.

மொத்த சீசனும் ஒரே நாளில் வந்தால்?

2013-இல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' சீசன் முழுவதையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் இறக்கியது. அதோடு காத்திருப்பு போச்சு. ஒருத்தர் ராத்திரியோட முடிச்சிடுவார், இன்னொருத்தர் இரண்டாவது எபிசோடில் இருப்பார். இருவரும் பேசினால் மிஞ்சுவது ஸ்பாய்லர்தான்.

இதுக்கு ரசிகர்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஜெர்மன் தொடரான 'டார்க்' நல்ல உதாரணம். 3 சீசன், 26 எபிசோடு. 1953, 1986, 2019 என 33 வருஷ இடைவெளியில் ஓடும் கதை. யார் யாருக்கு அப்பா என்பதே புதிர். தாளில் குடும்ப மரம் வரையாமல் பார்த்தவர்கள் குறைவு. இதுக்கு எபிசோடு வாரியா தனித்தனி விவாதம் வச்சாங்க. நாலாவது எபிசோடு பேச்சில் ஐந்தாவதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. டிவி முன்பு தானாகக் கொடுத்த இடைவெளியை, இப்போ ரசிகர்கள் விதி போட்டு உருவாக்கிக்கிறாங்க.

தியரி எங்கே நிற்கணும்?

மறுபடியும் நவபாஷாணத்துக்கு வருவோம். கதையில் நவபாஷாண லிங்கம் நோய் தீர்க்கலாம். கதைக்குள் அது நியாயமான தியரி. ஆனா 'நவபாஷாண மணி, தண்ணீரில் போட்டுக் குடிங்க' என்று இணையத்தில் விற்பனை நடப்பது கதை இல்லை.

பாஷாணம் என்றாலே நஞ்சு. பல பட்டியல்களில் பாதரசம், ஆர்சனிக் கலந்த பொருள்கள் இருக்கின்றன. மக்கள் ஆரோக்கியத்துக்கு அதிகக் கவலை தரும் 10 ரசாயனங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பட்டியலில் இவை இரண்டுமே உண்டு. கோயில் சிலை மீதுள்ள பக்தி வேறு. முகம் தெரியாதவர் விற்கும் மணியை ஊறவைத்துக் குடிப்பது வேறு. தொடர் பார்க்கும்போது கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்கணும்: இதுக்கு ஆதாரம் என்ன, யார் சோதிச்சாங்க?

எபிசோடு விவாதம் கொடுக்கும் நிஜமான பயிற்சி இதுதான். பிடிச்ச தியரியாவே இருந்தாலும், தப்புன்னு தெரிஞ்சா விட்டுடப் பழகுறது.

உங்க குரூப்பில் ஆரம்பிக்க 4 விதிகள்

1. வாரத்துக்கு எத்தனை எபிசோடு என்று முதலிலேயே முடிவு பண்ணுங்க. ஒன்றோ இரண்டோ போதும்.

2. முழுசா பார்த்து முடிச்சவர் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது.

3. தியரி சொன்னால் எந்தக் காட்சியை வச்சு சொல்றீங்கன்னும் சொல்லணும். 'எனக்குத் தோணுது' செல்லாது.

4. தமிழிலேயே எழுதி வைங்க. 'மர்மதேசம்' பற்றி அந்தக் காலத்தில் டீக்கடையிலும் ஆபீஸிலும் நடந்த பேச்சு அன்றோடு காற்றில் போச்சு. உங்க பேச்சாவது மிஞ்சட்டும்.

எதிலிருந்து தொடங்கலாம்? 'விடாது கருப்பு' முதல் எபிசோடு நல்ல தேர்வு. குரூப்பில் 90-ஸ் கிட்ஸ் இருந்தா, இரண்டாவது விதியை மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்லிடுங்க!