பிரேக் பெடலின் வில்லை

வெயில் காலம் பிறந்துவிட்டால் வாகனங்களைப் பற்றிய வினாக்கள் வந்து குவிவது வழக்கம். அவற்றுள் வேலூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் வினா, பார்வைக்கு மிகச் சாதாரணமாயிருந்தும், பதில் சொல்லப் புகுந்தால் ரசாயன சாஸ்திரத்தின் நடு மண்டபத்திலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பத்து வயதைக் கடந்த தம்முடைய காரை நண்பகலில் கடைத்தெருவோரம் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனதாகவும், உள்ளே ஒருவரும் இல்லாத நிலையிலும் பின்புறத்துச் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்ததாகவும், மாலையில் வந்து சாவியைத் திருகியபோது பேட்டரி முற்றும் இறங்கிப் போயிருந்ததாகவும் அவர் எழுதுகிறார். ஓர் எலெக்ட்ரீஷியன் பிரேக் லைட் ஸ்விட்சை மாற்றிப் பார்த்தார், இன்னொருவர் ஒயரிங்கைப் பிரித்துப் பார்த்தார், இரண்டாலும் பிரயோஜனமில்லை. முடிவில், கால்மிதியின்மேல் நகக்கண் அளவில் சிதறிக் கிடந்த பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண்ட முதிய மெக்கானிக் ஒருவர் கால் மணி நேரத்துக்குள் கோளாற்றைத் தீர்த்துவிட்டாராம். "வெயிலில் பிளாஸ்டிக் இளகும் என்று தெரியும், பொடியாகவும் போகுமா? போனாலும் அதற்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்பது அவருடைய கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. பிரேக் பெடலைத் தாங்கும் இரும்புக் கைக்கு எதிரே ஒரு சிறிய ஸ்விட்ச் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் முனையில் வில்லின்மேல் ஏறி இறங்கும் ஒரு குச்சி உண்டு. பெடலை மிதிக்காதபோது கையானது அந்தக் குச்சியை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது விளக்கு அணைந்திருக்கும். மிதித்ததும் கை விலகிப்போக, குச்சி வெளியே வந்து விளக்கை ஏற்றிவிடும். ஜப்பானிய, கொரிய வாகனங்கள் பலவற்றில், குச்சி நேரே இரும்பின்மேல் மோதி ஓசை எழுப்பாதிருக்கும் பொருட்டு, கையில் ஒரு துவாரமிட்டு அதில் பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ ஆன சிறு வில்லையொன்றைச் செருகியிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்புகளில் அதற்கு ஸ்டாப்பர் என்று பெயர். சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக இராத அந்த வில்லை நொறுங்கி விழுந்தால் எஞ்சுவது வெறும் துவாரம். குச்சி அதன் வழியே நுழைந்து மறுபுறம் நீண்டுவிடுகிறது. பெடல் மிதிபட்டிருப்பதாகவே ஸ்விட்ச் முடிவு செய்துகொள்கிறது. ஸ்விட்சில் பழுதில்லை, ஒயரிலும் பழுதில்லை. ஆகவே அவற்றை எத்தனை முறை மாற்றினாலும் விளக்கு அணையப்போவதில்லை.

பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்குச் சாவியின் அனுமதி தேவையில்லை. 21 வாட் பல்புகள் மூன்று எரிந்தால் சுமார் 5 ஆம்பியர் ஓடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழு மணி நேரத்தில் வறண்டுவிடும். எல்.இ.டி. விளக்குள்ள வாகனங்களில் இவ்வளவு விரைவாகத் தீராது என்பதைத் தவிர ஆறுதல் ஒன்றும் இல்லை. தொல்லை பேட்டரியோடு நிற்பதுமில்லை. தானியங்கி கியர் உள்ள கார்களில், பிரேக்கை மிதித்தாலொழிய 'பார்க்' நிலையிலிருந்து கியரை நகர்த்த முடியாதபடி ஒரு பூட்டு உண்டல்லவா? அந்தப் பூட்டுக்கும் செய்தி சொல்வது இதே ஸ்விட்ச்தான். வில்லை போன பிறகு, யாரும் பிரேக்கில் கால் வைக்காமலே கியர் நகரும். குழந்தைகள் ஏறி விளையாடும் வீட்டில் இது சிறிய விஷயமன்று.

இனி முதல் கேள்விக்கு வருவோம். காரின் உட்புறம் எவ்வளவு சூடேறுகிறது என்பதைப் பற்றி ஊரில் உலவும் கதைகளில் பாதி மிகையானவை. முட்டை பொரிக்கும் படங்களை நம்பவேண்டியதில்லை. அளந்து பார்த்த கணக்குகளே போதிய அளவு கடுமையானவை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களுக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸையும், டாஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டின; நிழலில் நின்றவற்றில் டாஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும், 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்கப் பரிசோதனையில் ஏறக்குறையப் பொய்யாய்ப் போயிற்று. பெடலின் பக்கம் டாஷ்போர்டின் மேற்பரப்பைப்போல் வெயில் நேரே படுவதில்லை என்பது மெய்யே; எனினும், டாஷ்போர்டுக்கு அடியிலும் இயந்திர அறையின் தடுப்புச் சுவரை ஒட்டியும் கிடக்கும் அந்த மூலைக்கு இருபுறத்து உஷ்ணமும் வந்து சேர்கிறது.

ஆனால் 69 டிகிரியிலும் அந்த வில்லை உருகாது. அதற்கு அது போதாது. இங்கே நிகழ்வது உருகுதல் அன்று, முதுமை. பிளாஸ்டிக்கின் முதுமை எப்படி வருகிறது என்பதை அறிந்துகொள்ளும்போது உண்டாகும் ஆனந்தத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன் என்றும் சொல்லலாம்.

தீபாவளிக்குச் சுட்டு, தகர டப்பாவில் அடைத்து வைத்த முறுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் எடுத்துத் தின்கிறோம். ருசியில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. பிறகு ஒரு நாள் மூடியைத் திறந்ததும் காறல் வாடை முகத்தில் அடிக்கிறது. அதற்குப்பின் இரண்டு மூன்று நாளிலேயே டப்பா முழுவதும் வாயில் வைக்க முடியாததாகிவிடுகிறது. முறுக்கில் ஊறிய எண்ணெயைக் காறச் செய்யும் ரசாயன மாற்றமும், பிரேக் பெடலின் வில்லையைப் பொடியாக்கும் ரசாயன மாற்றமும் அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் வஸ்து என்பது கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகள். இரண்டிலும் பகை காற்றிலுள்ள பிராணவாயு. உஷ்ணத்தாலோ ஒளியாலோ ஒரு சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் அணு ஒன்று கழன்றுபோனால், அந்த இடத்தில் துணையற்ற எலக்ட்ரான் ஒன்று மிஞ்சுகிறது. பிராணவாயு உடனே அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டபின் தன் குறையைத் தீர்த்துக்கொள்ளப் பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்த சங்கிலியும் அதே கதிக்கு ஆளாகித் தன் பக்கத்துச் சங்கிலியைப் பறிக்கத் தொடங்குகிறது. இவ்வளவோடு நின்றாலும் பரவாயில்லை. பறித்தது ஒவ்வொன்றும் பெராக்சைடு என்னும் நிலையற்ற ரசாயனப் பொருளாகித் தங்கியிருந்து, உஷ்ணம் ஏறும் வேளையில் இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்கு இரண்டாகப் புதிய பறிப்புகளைத் தொடங்கி வைக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும் இந்தப் பெருக்கமே விசித்திரம் அனைத்துக்கும் மூலம்.

அப்படியானால் முறுக்கு முதல் நாளிலேயே ஏன் காறவில்லை? காரணம், எண்ணெயிலேயே காவலும் இருக்கிறது. நல்லெண்ணெயிலுள்ள செஸமால் என்னும் பொருள், பறிக்க வரும் துணுக்குக்குத் தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்து அடக்கிவிட்டு, மேற்கொண்டு யாரையும் பறிக்காமல் அமைதியாகிவிடுகிறது. நல்லெண்ணெய் எளிதில் கெடாமலிருப்பதற்கு இது முக்கியமான காரணம். பிளாஸ்டிக் செய்வோரும் இதே இனத்தைச் சேர்ந்த ஃபீனால் வகைப் பொருள்களைச் சிறிதளவு கலந்தே வார்க்கிறார்கள். ஒவ்வொரு பறிப்பையும் தடுக்கும்போது காவலில் ஒரு மூலக்கூறு செலவாகிவிடுகிறது. காவல் தீரும்வரை வில்லையில் எந்த மாற்றமும் தெரியாது. தொட்டாலும் வளைத்தாலும் புதியதுபோலவே இருக்கும். தீர்ந்த பிறகோ சங்கிலிகள் மளமளவென்று அறுபடுகின்றன. நீளச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் பிளாஸ்டிக் அடி தாங்குகிறது. ஓரளவுக்குக் கீழே நீளம் குறைந்தால் பின்னல் இல்லை, பின்னல் போனால் தாங்கும் வலிமையும் இல்லை. எட்டு வருஷம் ஒழுங்காக இருந்த வில்லை ஒரே கோடையில் உதிர்வது இதனால்தான்.

முறுக்கு டப்பாவை இன்னும் சிறிது தூரம் கொண்டுபோகலாம். அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வைத்த டப்பா சீக்கிரம் காறுகிறது. அது வெயிலில் நிறுத்திய கார். அடிக்கடி மூடியைத் திறக்கும் குழந்தைகளுள்ள வீட்டில் புதுக்காற்றும் சீக்கிரம் காறலைக் கொண்டுவருகிறது. போன மாதத்துத் தூளைத் தட்டிக் கொட்டாமல் அதன்மேலேயே புது முறுக்கைப் போட்டால், பழைய தூளிலிருக்கும் பெராக்சைடுகள் புதியதையும் விரைந்து கெடுக்கின்றன. வார்ப்படத்தில் மிகைச் சூட்டுக்கு ஆளாகிப் பெராக்சைடுகளோடு பிறந்த பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் குறைவு. தேங்காயெண்ணெயில் சுட்டது நீண்ட நாள் தாங்குகிறது, ஏனெனில் பக்கத்து ஹைட்ரஜனை எளிதில் கழலச் செய்யும் இரட்டைப் பிணைப்புகள் அதன் சங்கிலிகளில் அரிது. ரப்பரில் அவை நிறைய, ஆகவே ரப்பர் சீக்கிரம் கெடுகிறது. பழைய முறுக்கு பொறுபொறுவென்று நொறுங்குவதற்கும் வில்லை நொறுங்குவதற்கும் மட்டும் சம்பந்தம் கிடையாது; ஒப்புமை அங்கே அறுந்துவிடுகிறது.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உஷ்ணத்துக்கும் ரசாயன வேகத்துக்கும் உள்ள உறவை வான்ட் ஹாஃப் என்ற டச்சுக்காரரை அடியொற்றி, ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் 1889இல் ஒரு சூத்திரமாக வகுத்தார். மேலே சொன்ன பறிப்புத் தொடரை, ரப்பரைக் காக்கும் நோக்கத்தோடு ஆராய்ந்து 1940களில் தெளிவாக்கியவர்கள் இங்கிலாந்தின் ரப்பர் ஆராய்ச்சியாளர்களான போலண்டும் ஜீயும். அவர்கள் ரப்பருக்குப் பதிலாகப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டது லினோலிக் அமிலத்தின் எஸ்டரை. நல்லெண்ணெயில் நிறைய இருப்பதும் அந்த அமிலந்தான்.

பத்து டிகிரி ஏறினால் வேகம் இருமடங்காகும் என்ற பழைய கணக்கின்படி, 30 டிகிரியில் 16 மணி நேரத்தில் நடக்கும் கேடு 70 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். இந்தக் கணக்கைக் கொண்டே, உலையில் சில வாரங்கள் வாட்டிப் பார்த்து இந்தப் பொருள் பதினைந்து வருஷம் தாங்கும் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அதை அப்படியே நம்புவதற்கில்லை. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் கில்லனும் கிளவும் மின் கம்பிகளின் உறைகளை வருஷக்கணக்காக ஆராய்ந்து காட்டியதுபோல, அதிக உஷ்ணத்தில் பிராணவாயு முழுவதும் மேல்தோலிலேயே செலவாகி உள்ளே எட்டாமல் போகிறது. மிதமான உஷ்ணத்திலோ அது மெல்ல மெல்ல உள்வரை சென்று முழுவதையும் கெடுக்கிறது. உலையில் தேறியது தெருவில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலையைக் காட்டிலும் கவலை தருவது, கோடை வந்ததும் பெட்ரோல் பங்குகளிலும் கடைகளிலும் அடுக்கப்படும் பாலிஷ் புட்டிகள். வெயிலிலிருந்து டாஷ்போர்டைக் காக்கும் என்ற வாக்குறுதியோடு விற்கப்படும் அவற்றுள் பலவும் சிலிக்கோன் எண்ணெயே, பளபளப்பைத் தரும், ஆனால் பிளாஸ்டிக்கின் உள்ளே தீர்ந்துபோன காவலை அது திரும்ப நிரப்ப முடியாது. தீங்கும் உண்டு. 2019ஆம் ஆண்டில் சுபாரு நிறுவனம் உலகெங்கும் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பாலிஷ், அழகு சாதனங்கள், துணி மெருகூட்டிகள் முதலியவற்றிலிருந்து எழும் சிலிக்கோன் ஆவி பிரேக் விளக்கு ஸ்விட்சுக்குள் புகுந்து, மின்தொடர்பு முனைகளின்மேல் மின்சாரம் கடக்காத படலமாகப் படிந்ததேயாகும். அங்கே விளக்கு அணையாத தொல்லையன்று. ஏற வேண்டிய விளக்கு ஏறாத அபாயம். மாறாக, டாஷ்போர்டின் ஆவியால் புற்றுநோய் வருமென்று கைபேசிகளில் சுற்றும் அச்சுறுத்தலுக்கோ போதிய ஆதாரமில்லை. நிறுத்திய கார்களின் காற்றை 2007இல் பரிசோதித்த மியூனிக் ஆராய்ச்சியாளர்கள் அதில் குறிப்பிடத்தக்க அபாயம் எதையும் காணவில்லை.

வில்லையைப் பற்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. கால்மிதியை உதறும்போது பச்சை, நீலம், கறுப்பு என்று எந்த நிறத்திலாவது பிளாஸ்டிக் பொடியோ உடைந்த குமிழோ தென்பட்டால் அதைக் குப்பையில் கொட்டிவிடாமல் எடுத்துவைத்து, அன்று இருட்டியதும் பிரேக் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால், கார் மாதிரியைச் சொல்லி ஸ்டாப்பர் வாங்குங்கள், அற்ப விலைதான். குறடால் பிடித்துத் துவாரத்தில் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். தலைகீழாய்க் கிடந்து வேலை செய்யவேண்டிய முதுகுவலிதான் பெரிது. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், மெக்கானிக்குகள் அதே துவாரத்தில் சிறு போல்ட்டை நுழைத்து நட்டை முறுக்கிக் குச்சிக்கு இரும்புத் தலையை முட்டுக்கொடுப்பார்கள். ஊர்போய்ச் சேரும்வரைக்கும் அது சரியான வைத்தியம். கிளட்ச் பெடலிலும் இதே மாதிரி வில்லையொன்று உண்டு. அது உதிர்ந்த காரில், கிளட்சை முழுவதும் மிதித்துச் சாவியைத் திருகினாலும் ஸ்டார்ட்டர் சத்தமே எழுப்பாது. அப்போதும் பேட்டரியை மாற்றுவதற்கு முன்னே பெடலின் மேல்முனையை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.