அப்பா 14, மகன் 27: எல்லா ஆண்களுக்கும் ஹைன்ரிக் என்றே பெயர் வைக்கும் ஜெர்மன் அரச குடும்பம்

2022 டிசம்பரில் ஜெர்மனி அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாக ஒரு கும்பலை போலீஸார் கைது செய்தனர். தலைவர் எனக் குற்றம்சாட்டப்பட்டவர், ரொய்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த 13ஆம் ஹைன்ரிக். 2024 மே மாதம் பிராங்பர்ட்டில் அவர் மீதான விசாரணை தொடங்கியது.

ஜெர்மனியில் இன்னுமா இளவரசர்கள்? இல்லை. 1919இல் பட்டங்களுக்கு இருந்த சலுகைகள் ஒழிக்கப்பட்டன. இளவரசர் என்பது இப்போது குடும்பப் பெயரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். சரி, அந்த 13 எங்கிருந்து வந்தது?

ரொய்ஸ் குடும்பத்தில் பிறக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிக்தான் பெயர். பேரரசர் 6ஆம் ஹைன்ரிக்குக்கான மரியாதையாகத் தொடங்கிய வழக்கம் என்பார்கள். அரியணை ஏறினால்தான் எண் என்றில்லை, பிறந்தாலே எண் உண்டு. அதனால்தான் 14ஆம் ஹைன்ரிக்கின் மகன் 27ஆம் ஹைன்ரிக்! மூத்த கிளை 100 வரை எண்ணும். இளைய கிளை நூற்றாண்டு மாறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். பெண்களுக்கு எண் கிடையாது. அரியணையும் கிடையாது.

இதன் விலை என்ன என்பது மூத்த கிளையின் கதையில் தெரியும். இன்றைய துரிங்கியா மாநிலத்தில் உள்ள கிரைட்ஸ்தான் அவர்களுடைய தலைநகரம். அங்கே 1878இல் பிறந்தவர் 24ஆம் ஹைன்ரிக். சிறு வயதில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு உடலும் மனமும் பாதிக்கப்பட்டு, ஆட்சி செய்ய முடியாத நிலை. ஆனாலும் 1902இல் அப்பா இறந்ததும் பட்டம் அவருக்கே வந்தது. ஐந்து தங்கைகள் இருந்தும் ஒருவரைக்கூட யாரும் யோசிக்கவில்லை. பக்கத்து நாட்டை ஆண்ட இளைய கிளையின் 14ஆம் ஹைன்ரிக்கும், 1908 முதல் அவர் மகனும் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். 16 வருஷம் மன்னர்; ஒரு நாள்கூட ஆளவில்லை.

1918 புரட்சியில் அந்தப் பட்டமும் போனது. 1927இல் அவர் திருமணமாகாமலே இறந்தார். 100 வரை எண்ண வேண்டிய கிளை 24லேயே நின்றுவிட்டது.

தங்கைகளில் ஒருவரான ஹெர்மினே, 1922இல் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த முன்னாள் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை மணந்தார். அண்ணனைவிட உலகம் அறிந்த பெயர் இவருடையதுதான்!

குடும்பத் தலைமை இளைய கிளைக்குப் போனது. அதன் கடைசி வாரிசான 45ஆம் ஹைன்ரிக்கை 1945இல் சோவியத் படையினர் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவே இல்லை. அதன்பின் தலைமை கோஸ்ட்ரிட்ஸ் என்ற தூரத்து உறவுக் கிளைக்கு வந்தது. இப்போதைய தலைவரும் ஒரு 14ஆம் ஹைன்ரிக்தான். சதி வழக்கில் சிக்கியவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று குடும்பம் வெளிப்படையாகவே விலகிக்கொண்டது.