மழை இரவில் கற்றுக்கொண்ட தைரியம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கியா பார்ம் என்றால் ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், தேன், பூச்செடிகள், விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் அசையாத வாகன வரிசை. எங்களுக்கு அது வீடு. பிரிஞ்சாங் பட்டணத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறோம். சந்தையில் எனக்கு ஒரு சிறிய காய்கறிக் கடை. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் சரிவு, அதற்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம்.

அந்தச் சரிவுதான் பல வருடங்கள் என் தூக்கத்தைப் பறித்தது.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி விடியற்காலையில் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்து விடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம், மண் சரிவு. இரண்டு முறையும் உயிர்ச்சேதம். நாங்கள் மேலே இருப்பவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சேறு நிறைந்த வீடுகளை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு, கூரையில் மழை விழும் சத்தம் எனக்கு வேறு சத்தமாகிவிட்டது.

மழை பிடித்தால் நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப் போகும். அடையாளக் கார்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பேன். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை அநேகமாகத் தினமும் மழை. எத்தனை இரவு உட்கார முடியும்?

பிள்ளையின் காலில் செருப்பு

ஒருநாள் இரவு மகளுக்குப் போர்வை சரிசெய்யப் போனேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. போர்வைக்குள் அவள் கால்களில் செருப்பு இருந்தது. எழுப்பிக் கேட்டேன். "ஓடணும்னா ரெடியா இருக்கணும்ல அம்மா" என்றாள்.

அன்றுதான் உறைத்தது. நான் அவளைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு, என் பயத்தை அவளுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

நான் கிறிஸ்தவப் பெண். சிறு வயதிலிருந்தே ஜெபம் தெரியும். ஆனால் பயத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வெட்கமாக இருந்தது. ஒருமுறை ஒரு ஜெபக்கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்று முதல் எனக்கு இரண்டு பயம். ஒன்று மண் சரிவு, மற்றொன்று நான் விசுவாசம் இல்லாதவளோ என்பது.

வேதத்தில் 365 முறை "பயப்படாதே" என்று வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. ஆனால் அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. ஆபிரகாம், கிதியோன், மரியாள், மேய்ப்பர்கள் என்று ஏதோ ஒரு வகையில் கலங்கி நின்றவர்களிடம்தான் அது வருகிறது. பயமே இல்லாதவனிடம் போய் யாராவது பயப்படாதே என்பார்களா? அது திட்டும் வார்த்தை அல்ல, தேற்றும் வார்த்தை.

கப்பலில் நடுங்கிய போதகர்

இந்த நாட்டுத் தமிழர் பலருக்கு மெத்தடிஸ்ட் சபை தெரியும். 1885-ல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்த ஊழியம் பிறகு தமிழர்களிடமும் வந்தது. அந்தச் சபைப் பிரிவுக்கே வித்திட்ட ஜான் வெஸ்லி ஒரு காலத்தில் சாவுக்குப் பயந்து நடுங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது.

1736 ஜனவரியில் அவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 32, ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர். கடும் புயலில் பெரிய பாய் கிழிந்தது. தண்ணீர் தளத்தில் ஏறியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியக் கிறிஸ்தவர்கள் மட்டும் தாங்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தவில்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் பயமாக இல்லையா என்று விசாரித்தார். பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்குப் பயப்படவில்லை என்று பதில் வந்தது. தனக்கு அந்தத் தைரியம் இல்லையே என்று அவர் வெட்கப்பட்டார். அதை மறைக்காமல் தன் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார்.

முன்பெல்லாம் இந்தச் சம்பவத்தைக் கேட்கும்போது மொரேவியர்களின் விசுவாசம் மட்டும்தான் எனக்குத் தெரியும். என் மகளின் செருப்பைப் பார்த்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் சேர்ந்து பாடினார்கள். ஒருவரும் தனியாக இல்லை. நானோ கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

பனியில் குரல் கொடுப்பது

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இந்த மலையில் 1929-ல் போ நிறுவனம் தேயிலை பயிரிடத் தொடங்கிய நாள் முதல், சரிவுகளில் வேலை செய்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். இன்று அந்த வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அம்மாவின் தலைமுறை பட்டணங்களுக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் நகர்ந்துவிட்டது.

செருப்பு விஷயத்தை அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார்.

"விடியக்காலைல பெரட்டுக்குப் போவோம் பாப்பா. பனி இறங்கிருச்சுன்னா பக்கத்து நிரையே தெரியாது. பாம்பு இருக்கும், கால் வழுக்கும். எனக்கும் பயந்தான். பயம் போன பிறகு மலை ஏறலாம்னு இருந்தா ஒருநாள் சம்பளம்கூட வந்திருக்காது. பத்து நிமிசத்துக்கு ஒருதரம் ஒருத்தி பேரச் சொல்லிக் கூப்பிடுவா. இன்னொருத்தி 'ஓய்'னு குரல் கொடுப்பா. அவ்வளவுதான். ஆள் இருக்குன்னு தெரிஞ்சா கை தானா வேலை செய்யும்."

அம்மாவுக்கு வேத வசனம் அதிகம் தெரியாது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கெத்செமனே தோட்டம் நினைவுக்கு வந்தது. சிலுவைக்கு முந்திய இரவில் இயேசுவே மனம் கலங்கி, மூன்று சீடர்களைக் கூட அழைத்துக்கொண்டு, தன்னோடு விழித்திருக்கச் சொன்னார். அவரே துணை கேட்டிருக்கிறார் என்றால், எனக்கு அதில் என்ன வெட்கம்?

ஜெபமும் காவலும்

அந்த வாரமே மூன்று காரியம் செய்தேன். முதலில் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் தூக்கமின்மையைச் சொன்னேன். இது அவிசுவாசம் அல்ல. எலியா தீர்க்கதரிசி பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சாக வேண்டும் என்று படுத்துவிட்டார். தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. தூங்க விட்டு, எழுப்பிச் சாப்பாடு கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டான்.

இரண்டாவதாக, பக்கத்து வீடுகளில் பேசினேன். எதிர்பாராதது என்னவென்றால், எல்லோருமே விழித்துத்தான் இருந்திருக்கிறார்கள்! எதிர்வீட்டு அக்கா மழை இரவில் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாராம். மேலே தோட்டம் வைத்திருக்கும் சீனப் பெரியவர் டார்ச் லைட்டோடு கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். நான்கு வீடும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். மழை வலுத்தால் ஒருவர் "எல்லாரும் ஓகேவா?" என்று கேட்பார், மற்றவர்கள் பதில் போடுவார்கள். அம்மாவின் 'ஓய்' எங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டது.

மூன்றாவது, சரிவைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது வேலி, திடீரென்று கலங்கி வரும் ஊற்று நீர், இறுகிக்கொள்ளும் கதவு, ஜன்னல் இவையெல்லாம் மண் நகர்வதற்கான அடையாளங்கள். இவற்றைக் கண்டால் யோசிக்காமல் வெளியேறி 999-ஐ அழைக்க வேண்டும். காடு அழிந்த சரிவில் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. பிளாஸ்டிக் கூரையில் விழும் மழை மண்ணில் ஊறாமல் ஒரே வேகத்தில் கீழே பாய்கிறது. அதனால் கால்வாய் அடைபடாமல் பார்ப்பது முக்கியம். மாதம் ஒருமுறை நான்கு வீட்டாரும் சேர்ந்து சுத்தம் செய்கிறோம். எருசலேம் மதிலைக் கட்டிய நெகேமியா, எதிரிகளின் மிரட்டல் வந்தபோது ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். இரண்டில் ஒன்றை விட்டுவிடவில்லை.

ஒரு நவம்பர் இரவில் சரிவிலிருந்து கலங்கல் நீர் வந்தது. பெரியவர் குழுவில் செய்தி போட்டார். பத்து நிமிடத்தில் நான்கு குடும்பமும் வெளியேறி, சாலைக்கு அந்தப் பக்கம் என் கடையில் விடியும் வரை இருந்தோம். எனக்குக் கை நடுங்கியது உண்மை. ஆனால் நடுங்கும் கையால் அம்மாவைப் பிடித்து நடத்தினேன், எல்லோருக்கும் தேநீர் போட்டேன். அக்கா கேட்டதால் வாய்விட்டு ஜெபித்தேன். காலையில் போய்ப் பார்த்தால் வேலி கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். வீண் அலைச்சல் என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

மழை இன்றும் பெய்கிறது, சரிவும் அங்கேதான் இருக்கிறது. என் நெஞ்சு இப்போதும் சில இரவுகளில் படபடக்கும். அப்போது சிறிதாக ஜெபித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து, "எல்லாரும் ஓகேவா?" என்று முதல் ஆளாக நானே கேட்டுவிடுவேன். கர்த்தர் என் பயத்தை ஒரேயடியாக எடுத்துப் போடவில்லை. அதைத் தனியாகச் சுமக்க விடவில்லை. எனக்கு அது போதும்.

உங்களுக்கும் ஒரு பயம் இருக்கலாம். மருத்துவ அறிக்கை, வேலை, கடன், பிள்ளையின் எதிர்காலம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு, நம்பிக்கையான ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரும் உங்களைப் போலவே விழித்துக்கொண்டிருக்கலாம்.

கடையில் விடிய விடிய இருந்துவிட்டு வந்த மறுநாளும் மழைதான். மகள் படுக்கப் போகுமுன் செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். "மழை வந்தா யாராவது மெசேஜ் போடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். சற்று நேரத்தில் தூங்கியும் போனாள்.