ஹைட்ராலிக் கட்டில்: ஒரு கையில் தூக்கலாம்... தலையை உள்ளே விடலாமா?

தீபாவளி போனஸ் வந்ததும் திருப்பூரில் ஃபர்னிச்சர் கடைப்பக்கம் போகாத குடும்பம் குறைவு. ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள லைன் வீட்டில் பீரோ வைத்தால் கட்டிலுக்கு இடமிருக்காது. காதர்பேட்டையில் பனியன், நைட்டி எடுத்து வந்து வீட்டிலேயே விற்பவர்களுக்குச் சரக்கு அடுக்கவும் இடம் வேண்டும். அதனால்தான் உள்ளே பெட்டியும், மேலே தூக்கித் திறக்கும் பலகையும் உள்ள கட்டிலுக்கு இவ்வளவு மவுசு.

“ஹைட்ராலிக் மாடலுங்க அக்கா, ஒரு கையில தூக்கிரலாமுங்க” என்று கடைத் தம்பி தூக்கிக் காட்டுவார். அப்போது கட்டில்மேல் உங்கள் வீட்டு மெத்தை இருக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே இருப்பது என்ன?

பெயர்தான் ஹைட்ராலிக். பலகையைத் தூக்குவது, இரு பக்கமும் உள்ள கேஸ் ராடுகளில் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. கூடவே இருக்கும் கொஞ்சம் எண்ணெய், சீலை ஈரமாக வைத்திருக்கவும் வேகத்தைக் குறைக்கவும்தான். கார் டிக்கியைத் தாங்கி நிற்பதும் இதே பொருள்தான்.

வாயு மெல்லக் கசியும். சீல் தேயும். ஒருநாள் அந்தப் பலகை உங்கள்மேல் இறங்கலாம். 2024-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில், இப்படிப்பட்ட கட்டிலுக்குள் குனிந்த ஒரு பெண்ணின் கழுத்தில் பலகை இறங்கி அவர் இறந்துபோனார். இரண்டு ராடுகளில் ஒன்று பழுதாகியிருந்தது விசாரணையில் தெரிந்தது.

எத்தனை கிலோ ராடு வேண்டும்?

ராடின் மேல் 800, 1000 என ஓர் எண் இருக்கும். அது நியூட்டன் அளவு. சுமார் 10 நியூட்டன், 1 கிலோவைத் தாங்கும்.

பலகையும் மெத்தையும் சேர்ந்து 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் கீலிலிருந்து 100 செ.மீ. தள்ளி இருக்கிறது. ராடு தள்ளுவதோ கீலிலிருந்து 25 செ.மீ. தூரத்தில். கதவைக் கீல் பக்கம் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு பலம் தேவைப்படுகிறது! அதே கதைதான் இங்கும். 50-ஐ 100-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 200 கிலோ. ஆளுக்குப் பாதியாக, ஒவ்வொரு ராடும் 100 கிலோ, அதாவது 1000 நியூட்டன் தாங்க வேண்டும்.

ஆகவே, ஃபோம் மெத்தையை மாற்றிக் கனமான தேங்காய்நார் மெத்தை போட்டால் பழைய ராடு போதாது. மிக அதிக விசையுள்ள ராடு போட்டாலும் தொல்லைதான். பலகை சரியாக மூடாது, ஆணியடித்த இடம் பிய்ந்துவிடும். மெத்தையின் எடையைச் சொல்லி ராடு கேளுங்கள்.

மாட்டும்போது கவனிக்க...

* மெல்லிய கம்பி கீழ்ப்பக்கமும் தடித்த குழாய் மேல்பக்கமும் இருப்பது நல்லது. அப்போதுதான் எண்ணெய் சீலில் தங்கும்.
* பார்ட்டிகிள் போர்டில் வெறும் ஸ்க்ரூ நிற்காது. ஊடுருவும் போல்ட்டும் வாஷரும் போடச் சொல்லுங்கள்.
* பக்கத்தில் வெல்டிங் வைத்தால் பொறி பட்டுக் கம்பியின் பளபளப்பு கெடும், சீலும் கிழியும். ராடைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும்.
* ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.
* பழைய ராடை அறுக்கவோ, தீயில் போடவோ கூடாது. உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம்.

எப்போது உஷாராக வேண்டும்?

திறந்த பலகை மெல்ல இறங்குகிறதா? ஒரு பக்கம் சாய்கிறதா? கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? ராடு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. குளிரிலும் இதன் பலம் குறையும். 10 டிகிரி குறைந்தால் விசை ஏறக்குறைய 3.5 சதவீதம் குறைகிறது. சித்திரையில் நின்ற பலகை மார்கழி விடியலில் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

புது ராடே போட்டிருந்தாலும் ஒரு பழக்கம் வேண்டும். கட்டில் ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டையை எப்போதும் வைத்திருங்கள். பலகையைத் தூக்கியதும் அதை முட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு குனியுங்கள். கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி ஒளியும் இடமல்ல என்று இன்றே சொல்லிவையுங்கள்.

கேஸ் ராடு தூக்க உதவும் கை மட்டும்தான். விழாமல் தாங்குவதற்கு அந்தக் கட்டையை நம்புங்கள்.